பல நாடுகள் சேர்ந்து ட்ரக்கோமாவை ஒழிப்பது: ஆய்வுகளை ஒருங்கிணைக்க முழுமையான வழிகாட்டி

குழந்தையை அம்மா மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறார். எதிரே இருப்பவர் இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி மாட்டியிருக்கிறார். இமைமுடி எதுவும் விழியைத் தொடுகிறதா என்று முதலில் பார்க்கிறார். அப்புறம் கருவிழி. கடைசியாக, குழந்தையைக் கீழே பார்க்கச் சொல்லி மேல் இமையைப் புரட்டுகிறார். உள்பக்கச் சவ்வில் ரவை ரவையாக வெளிறிய மணிகள். அரை மில்லிமீட்டராவது இருக்கும் மணிகள், இமையின் நடுப்பகுதியில், ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் ‘உண்டு’. நாலு இருந்தால் ‘இல்லை’. பக்கத்தில் நிற்பவர் பதிலைக் கைப்பேசியில் தட்டுகிறார். பார்த்தவர் கையைச் சுத்தம் செய்துகொண்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுகிறார்.

ட்ரக்கோமா என்பது பார்வையைப் பறிக்கும் ஒரு கண் தொற்றுநோய். அதை ஒழிக்கும் வேலை முழுக்க இந்த ஒரு நிமிடத்தின் மேல்தான் நிற்கிறது. எத்தியோப்பியாவில் ஒருவர் எண்ணும் ஐந்தும் வனுவாட்டுவில் இன்னொருவர் எண்ணும் ஐந்தும் ஒன்றாக இல்லையென்றால், அதற்கு மேல் போடும் வரைபடம், வாங்கும் மருந்து, நடத்தும் மாநாடு எல்லாம் வீண். கீழே வரும் படிகளைப் படிக்கும்போது இதை மட்டும் மறக்காதீர்கள்.

பொது சுகாதாரம் படிப்பவர்கள், தொண்டு நிறுவனங்களில் இருப்பவர்கள், பல நாட்டு ஆய்வாளர்களை ஒரே திட்டத்தில் கட்டி இழுக்கும் பொறுப்பு வந்து மாட்டியவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ட்ரக்கோமாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஏழைகளின் நோய், யாரும் கவனிக்காத நோய். அப்படியிருந்தும் 2002இல் 150 கோடிப் பேர் ஆபத்துள்ள பகுதிகளில் வாழ்ந்த நிலை மாறி, 2022இல் அது 12.5 கோடியாகச் சுருங்கியது. எப்படி நடந்தது என்பதும், எங்கே சறுக்கியது என்பதும் வெளிப்படையாகத் தெரிகிற கதை இது.

முதல் படி: எதை ஒழிக்கிறோம் என்று எழுதிவையுங்கள்

கிளமிடியா ட்ரக்கோமாடிஸ் என்ற பாக்டீரியா கை, முகம் துடைக்கும் துணி, கண்ணில் மொய்க்கும் ஈ ஆகியவை வழியாகப் பரவுகிறது. ஒரு தடவை வந்தால் பெரிய கேடு இல்லை. சின்ன வயதில் திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உள்பக்கம் தழும்பாகிறது. தழும்பு சுருங்கச் சுருங்க இமை உள்பக்கமாக மடங்கி, இமைமுடி விழியை உரசத் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் முள் கீறுவது போல. வருடக்கணக்கில் இப்படி உரசினால் கருவிழி வெளுத்துப் பார்வை போகிறது. குழந்தைகளோடு எப்போதும் இருப்பவர்கள் பெண்கள் என்பதால், ஆண்களைவிட நான்கு மடங்கு வரை பெண்களுக்கே இதனால் பார்வை போகிறது.

இந்தக் கிருமியை உலகத்திலிருந்தே துடைத்தெறிவது யாருடைய இலக்கும் அல்ல. ‘பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிப்பது’ என்பதுதான் இலக்கு. இரண்டு எண்கள்: நோய் இருந்த ஒவ்வொரு மாவட்டத்திலும் 1 முதல் 9 வயதுக் குழந்தைகளில் மேலே சொன்ன மணிகள் உள்ளவர்கள் 5 சதவீதத்துக்குக் கீழ், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில், சுகாதாரத் துறைக்குத் தெரியாமல் இமைமுடி உள்ளே திரும்பியவர்கள் 0.2 சதவீதத்துக்குக் கீழ். இவற்றோடு ஒரு நிபந்தனை: புதிதாக முடி திரும்பி வருபவர்களைக் கண்டுபிடித்துக் கவனிக்க ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும்.

இப்படி எண்ணில் எழுதிவைக்காத ஒழிப்புத் திட்டங்கள் நிறைய உண்டு. அவை முடிவதே இல்லை, ஏனென்றால் முடிந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ட்ரக்கோமாவுக்கு இது கைகூடியதற்கு 1987இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட எளிய தரவரிசைதான் அடித்தளம். ஐந்தே அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் ‘உண்டு’, ‘இல்லை’ என இரண்டே பதில். கண் மருத்துவர் இல்லாத ஊரிலும் ஒரு செவிலியர் கற்றுக்கொண்டு செய்யலாம். நோயின் நுணுக்கமெல்லாம் இதில் அடங்காது என்று நிபுணர்கள் சொல்வார்கள். அடங்காதுதான். அடங்காமல் விட்டதால்தான் வேலை நடந்தது என்பது என் கட்சி.

இரண்டாம் படி: மேசையில் யார் யார்?

1996இல் உலக சுகாதார நிறுவனம், 2020க்குள் ட்ரக்கோமாவை ஒழிக்கும் கூட்டணியைத் தொடங்கியது. நாடுகள், தொண்டு நிறுவனங்கள், ஆய்வாளர்கள் எல்லாரும் அதில் ஒரே அறையில். 1998இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. அதே வருடம் ஃபைசர் நிறுவனமும் எட்னா மெக்கானல் கிளார்க் அறக்கட்டளையும் சேர்ந்து ‘இன்டர்நேஷனல் ட்ரக்கோமா இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பை உருவாக்கின. இந்தக் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கான அஸித்ரோமைசின் மருந்து அதன் வழியாகத்தான் இலவசமாக நாடுகளுக்குப் போகிறது. இதுவரை நூறு கோடி டோஸுக்கு மேல்.

எல்லாரும் ஒத்துக்கொண்ட உத்தியின் பெயர் ‘சேஃப்’. அறுவை சிகிச்சை, ஆன்டிபயாடிக், முகச் சுத்தம், சுற்றுப்புறம் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்யும் நிறுவனம், மருந்து தரும் கம்பெனி, கிணறு தோண்டும் அமைப்பு என ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் எழுத்து உண்டு. ‘என் வேலைதான் முக்கியம்’ என்ற சண்டையில் பாதி அங்கேயே அடங்கிவிட்டது.

உங்கள் திட்டத்தில் மேசை போடும்போது ஒரு விதி: பணம் தருகிறவர் எண்ணுகிறவராக இருக்கக் கூடாது. மருந்து தருகிறவரே நோய் அளவையும் கணக்கெடுத்தால், நேர்மையாகவே செய்தாலும் ஊர் நம்பாது.

மூன்றாம் படி: வரைபடம்

2012 வரை பெரிய சிக்கல் இதுதான்: நோய் எங்கே இருக்கிறது என்று முழுதாகத் தெரியாது. தெரியாத மாவட்டத்துக்கு மருந்து கிடையாது. கணக்கெடுக்கப் பணம் இல்லாததால் தெரியவும் வழியில்லை.

பிரிட்டிஷ் அரசின் நிதியில், சைட்சேவர்ஸ் நிறுவனம் தலைமையேற்க, உலக ட்ரக்கோமா வரைபடத் திட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. 2012 டிசம்பரில் எத்தியோப்பியாவின் ஒரோமியா மாநிலத்தில் தொடங்கி 2016 ஜனவரி வரை, 29 நாடுகளில் 1,546 மாவட்டங்கள், 26 லட்சம் பேரின் கண்கள். எல்லா இடத்திலும் ஒரே முறை, ஒரே பயிற்சி, ஒரே கைப்பேசிப் படிவம்.

அந்த முறையை அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளலாம்:

ஒரு கணக்கெடுப்புப் பகுதி என்றால் ஒன்று முதல் இரண்டரை லட்சம் மக்கள். அதற்குள் கிராமங்களைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும், ஒரு குழு ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவு வீடுகள், பெரும்பாலும் முப்பது. அந்த வீடுகளில் ஒரு வயது தாண்டிய எல்லாரையும் பார்க்கிறார்கள். ஒரு பகுதிக்கு 1,019 குழந்தைகள் தேவை என்று கணக்கு வருகிறது. வீட்டில் இல்லாதவர்கள், மறுப்பவர்களுக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 1,222 குழந்தைகள் கிடைக்கும்படி திட்டமிடுகிறார்கள்.

‘ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவு’ என்ற வார்த்தைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். புள்ளியியல் பாடம் படித்தவர் இந்த எண்ணை வேறு மாதிரிதான் தொடங்குவார். ஆனால் இரவு தங்க வேண்டிய கிராமம் என்றால் செலவு ஏறும், ஜீப் கிடைக்காது, இருட்டில் இமையைப் பார்க்க முடியாது. கணக்கு முறையைக் களத்தின் ஒரு பகல்பொழுது தீர்மானித்தது. உங்கள் ஆய்விலும் அலுவலகத்தில் எண்ணை முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு நாள் குழுவோடு நடந்துவிட்டு வாருங்கள்.

பள்ளிக்கூடத்திலேயே குழந்தைகளைப் பார்த்தால் சுலபம்தானே என்று யாராவது கேட்பார்கள். நோய் அதிகம் தங்குவது பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைகளிடம். வீடு வீடாகத்தான் போக வேண்டும்.

நான்காம் படி: கண்களுக்கே பயிற்சி

திட்டத்தின் உயிர் இங்கேதான். அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

பரிசோதகராக வருபவர் முதலில் படங்களைப் பார்த்து மணிகளை அடையாளம் காணப் படிக்கிறார். அப்புறம் கிராமத்துக்குப் போய் ஐம்பது குழந்தைகளைப் பார்க்கிறார். அதே ஐம்பது பேரைப் பயிற்சியாளரும் தனியாகப் பார்க்கிறார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். தற்செயலாகவே ஒத்துப்போகும் பங்கைக் கழித்துவிட்டு, ஒற்றுமையை ‘கப்பா’ என்ற அளவால் சொல்வார்கள். முழு ஒற்றுமை என்றால் 1. இங்கே தேர்ச்சிக்கு 0.7 வேண்டும். வராதவர் களத்துக்குப் போக முடியாது. முப்பது வருட அனுபவமுள்ள கண் மருத்துவராக இருந்தாலும் சரி.

இந்த ‘இருந்தாலும் சரி’யைச் செயல்படுத்துவதுதான் ஒருங்கிணைப்பாளரின் உண்மையான தலைவலி. துறைத் தலைவர் தேர்ச்சி பெறாமல், அவரிடம் வேலை பார்க்கும் செவிலியர் தேர்ச்சி பெறும் நாள் வரும். அதற்கு முன்னாலேயே, பயிற்சி தொடங்கும் காலையிலேயே, விதியை எல்லார் முன்னாலும் வாசித்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு விதியை விளக்கினால் அது அவமானமாகப் போய்விடும்.

இன்னொரு சங்கடம். ஐம்பது குழந்தைகளில் யாருக்குமே மணி இல்லையென்றால் கப்பாவுக்கு அர்த்தமே இல்லை; எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதுபவரும் சரியாகத்தான் எழுதியிருப்பார். ஆகவே பயிற்சிக்கு நோய் போதுமான அளவு உள்ள ஊர் வேண்டும். நோய் குறையக் குறைய அப்படி ஊர் கிடைப்பது அரிதாகிறது. வெற்றி நெருங்கும் நாடு, தன் பரிசோதகர்களை நோய் இன்னும் இருக்கும் வேறு நாட்டுக்கு அனுப்பிப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும். நாடுகளை இணைத்து வைக்க இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. பட்ஜெட்டில் இந்த விமானச் செலவை முதல் வருடமே போட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: தரவு யாருடையது?

ஒரே வரியில்: சுகாதார அமைச்சகத்துடையது.

வரைபடத் திட்டத்தின் தொடர்ச்சியாக 2016இல் தொடங்கிய ‘ட்ராபிகல் டேட்டா’ சேவையில் உலக சுகாதார நிறுவனம், இன்டர்நேஷனல் ட்ரக்கோமா இனிஷியேட்டிவ், லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசின், ஆய்வு நிறுவனமான ஆர்டிஐ இன்டர்நேஷனல், சைட்சேவர்ஸ் ஆகியவை பங்காளிகள். ஆனால் கைப்பேசியிலிருந்து வரும் தரவு சுத்தம் செய்யப்பட்டு, கணக்கிடப்பட்டு, அமைச்சகத்திடம் போகிறது. அவர்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியே வருகிறது.

பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்களுக்கு இது பொறுக்காது. கட்டுரை தாமதமாகும் என்பார்கள். ஆகத்தான் செய்யும். ஆனால் ஓர் அமைச்சகம் தன் மாவட்டத்தின் எண்ணை வெளிநாட்டு இதழில் முதன்முதலாகப் படித்தால், அடுத்த கணக்கெடுப்புக்கு அனுமதி கிடைக்காது. ஆசிரியர் பட்டியலில் உள்ளூர் ஆட்கள் யார், எந்த வரிசையில் என்பதையும் களத்துக்குப் போவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சம்மதம், நெறிமுறைக் குழு அனுமதி எல்லாம் வழக்கம்போல். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நோய் கண்டுபிடித்த கண்ணுக்கு அன்றைக்கே களிம்போ மருந்தோ கொடுத்துவிட்டுத்தான் குழு நகர வேண்டும்.

ஆறாம் படி: எண்ணை மருந்தோடு முடிச்சுப் போடுவது

எண் வந்தால் என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இங்கே தெரியும். குழந்தைகளில் மணி உள்ளவர்கள் 30 சதவீதத்துக்கு மேல் என்றால் ஐந்து வருடம் ஊருக்கே மருந்து. 10 முதல் 30க்குள் என்றால் மூன்று வருடம். 5 முதல் 10க்குள் என்றால் ஒரு சுற்று. கடைசிச் சுற்று முடிந்து ஆறு மாதமாவது கழித்து மறு கணக்கெடுப்பு. 5க்குக் கீழே வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் கழித்து மறுபடி ஒரு பார்வை.

மருந்து கொடுக்கும் இடத்தில் எடை பார்க்கும் கருவி இருக்காது. ஓர் உயரக் கம்பு மட்டும். அதில் கோடுகள் போட்டிருக்கும். கம்புக்குப் பக்கத்தில் நின்றால், தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அத்தனை மாத்திரை. 120 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவர்களுக்கு மாத்திரை தொண்டையில் சிக்கலாம் என்பதால் சிரப். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு டெட்ராசைக்ளின் கண் களிம்பு. துறைமுகத்தில் கஸ்டம்ஸ் தாமதம், காலாவதித் தேதி, மழைக்காலம் மூன்றையும் ஒரே காலண்டரில் போட்டுப் பின்னிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். வேறு ரகசியம் இதில் இல்லை.

ஏழாம் படி: பதில் தெரியாத கேள்விகளைப் பங்கிடுவது

கணக்கெடுப்பு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஆய்வுக்கேள்வி அப்படி இல்லை. எந்தக் கேள்விக்கு எந்த இடம் பதில் சொல்லும் என்று தேர்ந்தெடுப்பதே திறமை. மூன்று உதாரணங்கள்.

சாலமன் தீவுகளில் குழந்தைகளின் இமையில் மணிகள் ஏராளம், 26 சதவீதம். விதிப்படி ஊருக்கே மருந்து. ஆனால் கிருமி உண்டா என்று சோதித்தால் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். பெரியவர்களில் முடி உள்ளே திரும்பியவர்களும் அபூர்வம். அதே பசிபிக்கில், கிரிபாட்டியில் மணிகளும் இருந்தன, கிருமியும் இருந்தது, தழும்பும் இருந்தது. ஆக, மணி என்ற அறிகுறி எல்லா இடத்திலும் ஒரே நோயைச் சொல்லவில்லை. மற்ற நாடுகளோடு அதே முறையில் எண்ணியதால்தான் இந்த முரண்பாடு கண்ணில் பட்டது. இல்லையென்றால் பரிசோதகர் தப்பாகப் பார்த்திருப்பார் என்று ஒதுக்கியிருப்பார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை ஆகியவற்றைக் கணக்கெடுப்போடு சேர்க்கும் யோசனைக்கு இது வலு கொடுத்தது.

இரண்டாவது, எத்தியோப்பியாவின் அம்ஹாரா. பல வருடம் மருந்து கொடுத்தும் எண் இறங்க மறுக்கும் மாவட்டங்கள் அங்கே உண்டு. தண்ணீரும் சோப்பும் முகம் கழுவும் பழக்கமும் சேர்ந்தால் கிருமி குறையுமா என்று 40 கிராமச் சமூகங்களில் மூன்று வருடம் ஒரு சோதனை நடந்தது. பெயர் ‘வூஹா’; அம்ஹாரி மொழியில் தண்ணீர். முடிவு 2022இல் வெளிவந்தது: கிருமி குறையவில்லை. சேஃப் என்ற சொல்லில் முகச் சுத்தம், சுற்றுப்புறம் என்ற இரண்டு எழுத்துகளை நம்பி நின்றவர்களுக்கு இது கசப்பு. தண்ணீர் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த அளவு தண்ணீரும் அந்த அளவு சோப்பும் அவ்வளவு காலத்தில் போதவில்லை என்பதுதான். இப்படி எதிர்பாராத முடிவை மறைக்காமல் வெளியிட முடிகிற சூழலைக் கட்டுவதும் ஒருங்கிணைப்பாளரின் வேலை.

மூன்றாவது, அறுவை சிகிச்சை. முடியை வெளியே திருப்ப இரண்டு முறைகள் வழக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு ஊரும் தான் கற்றதையே உயர்வென்று சொன்னது. எத்தியோப்பியாவிலேயே 1,000 நோயாளிகளிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் முடி மறுபடி உள்ளே திரும்பியவர்கள் ஒரு முறையில் 22 சதவீதம், இன்னொன்றில் 13. இமையின் பின்னடுக்கை மட்டும் வெட்டும் முறை ஜெயித்தது. இப்படி நேரடியாக முடிவு சொல்லும் கேள்வியை முதலில் எடுங்கள். மூளையைக் குழப்பும் அழகான கேள்விகள் காத்திருக்கலாம்.

எட்டாம் படி: எல்லைக்கோடு

மாடு மேய்ப்பவர்கள் வரைபடம் பார்த்து நடப்பதில்லை. கென்யாவிலும் தான்சானியாவிலுமாக மாசாய் மக்கள் வாழ்கிறார்கள். ஒரு பக்கம் மருந்து கொடுத்து மறுபக்கம் கொடுக்காமல் விட்டால் கிருமி திரும்பி வரும். பக்கத்து மாவட்ட அதிகாரிகள் இருவரிடமும் ஒருவர் போன் எண் மற்றவர் கைப்பேசியில் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து கொடுக்கும் வாரத்தை ஒன்றாக்குங்கள். பெரிய ஒப்பந்தங்களைவிட இது சீக்கிரம் நடக்கும்.

ஒன்பதாம் படி: கோப்பைக் கட்டி அனுப்புவது

எண்கள் இறங்கியதும் நாடு ஓர் ஆவணக்கோப்பு தயாரித்து உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புகிறது. வெளி நிபுணர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள். ஓமன் 2012இல் முதலாவதாக இந்த அங்கீகாரம் பெற்றது. கானா 2018இல். இந்தியா 2024 அக்டோபரில். அந்த நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் நேபாளம், மியான்மருக்குப் பிறகு மூன்றாவது. இந்தியா தேசிய ட்ரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது 1963இல். அறுபது வருடப் பழைய தாள்களைத் தேடிக் கோப்பில் சேர்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆகவே கோப்பை முதல் வருடத்திலிருந்தே எழுதுங்கள். ஒவ்வொரு கணக்கெடுப்பு முடிந்ததும் அந்தப் பக்கத்தை அப்போதே நிரப்பிவிடுங்கள்; கிராமத்தின் பெயர் மாறியிருக்கும், மாவட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கும், பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெற்றிருப்பார்.

கோப்பில் பலர் அரைப் பக்கத்தில் முடித்துவிடும் பகுதி, முடி உள்ளே திரும்பி இனிமேல் வரப்போகிறவர்களைப் பற்றியது. கிருமி போய்விட்டாலும் சின்ன வயதில் விழுந்த தழும்பு போகாது. பத்து வருடம் கழித்தும், இருபது வருடம் கழித்தும் ஒரு பாட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு வருவார். அந்தப் பகுதியை எழுதும் அன்று, ஏதாவது ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே உள்ள செவிலியரைப் போனில் கூப்பிடுங்கள். “நாளைக்குக் காலையில் இப்படி ஒரு அம்மா வந்தால் எங்கே அனுப்புவீர்கள், பஸ் காசு யார் கொடுப்பார்கள்?” என்று கேளுங்கள். ஊர் பெயரும் டாக்டர் பெயரும் உடனே வரவில்லையென்றால் கோப்பை இன்னும் அனுப்பாதீர்கள்.